ஒலிபெருக்கியை அணைத்த பிறகு வரும் கேள்வி

நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றியும் தொற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றியும் ஊர் ஊராகப் போய்ப் பேசப் போகிறீர்களாம். மிகவும் நல்லது. கிளம்புவதற்கு முன்னால் ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கிற என்னிடம் நாலு யோசனை கேட்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது அதைவிட நல்லது. ஆனால் என்னிடம் நாலெல்லாம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை வெறும் யோசனையாகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ள வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பொதுமக்களுக்கான சொற்பொழிவு என்று எங்கள் துறையில் அவ்வப்போது நடத்துவோம். பொதுமக்கள் என்று பெயர்தானே ஒழிய, வந்து உட்காருகிறவர்கள் எங்கள் கல்லூரி ஆசிரியர்கள், அவர்களுடைய வீட்டுக்காரம்மாக்கள், பிஸ்கட்டுக்காக எட்டிப் பார்க்கும் முதலாண்டு மாணவர்கள். பேச்சு முடிந்ததும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிவிட்டு, சமூகத்துக்குப் பெரிய தொண்டு செய்துவிட்ட களைப்போடு வீட்டுக்குப் போவோம். எனக்கு இதைப் பார்த்து எரிச்சலாக வரும். எரிச்சலை மனசுக்குள் போட்டுப் பூட்டி வைக்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒருநாள் துறைக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன், "இது பொதுச் சொற்பொழிவா, நம்ம வீட்டுக் கல்யாணமா?" என்று. "அப்படியானால் நீங்களே ஊர்ப்பக்கம் போய்ப் பேசுங்கள்" என்று துறைத்தலைவர் அதை என் தலையிலேயே கட்டிவிட்டார்.

எனக்கு மேடைப் பேச்சு வரும். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம்; அவர் உக்கடத்தில் நடத்திய பாத்திரக் கடையில் நின்று பேசிப் பழகிய வாய் இது. ஆனால் அறிவியல் தமிழ்தான் கொஞ்சம் படுத்தியது. ஆன்டிபாடி என்பதற்கு அகராதியில் கண்டுபிடித்த ஒரு நீளமான சொல்லை முதல் கூட்டத்தில் சொல்லப் போய், மூன்றாவது தடவை எனக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு, நோயை எதிர்ப்பதற்காக நம் இரத்தம் செய்துகொள்ளும் பொருள் என்று விளக்கமாகவே சொல்ல ஆரம்பித்தேன். ஜனங்களுக்குப் புரிந்தது. அதற்குள்ளேயே நான் பெரிய பேச்சாளி என்ற நினைப்பும் எனக்கு வந்துவிட்டது.

அந்த நினைப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். அவிநாசிக்கும் சோமனூருக்கும் இடையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊரில் பாதிப் பேருக்குத் தோட்டம், பாதிப் பேருக்கு விசைத்தறி. அங்கே ஒரு படிப்பகம் உண்டு. அதன் செயலாளர் சுப்பிரமணி தறி வைத்திருந்தவர். என் பேச்சை வேறெங்கோ கேட்டுவிட்டு ஆசையாகக் கூப்பிட்டிருந்தார். தறிகளுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கூட்டம் என்று ஏற்பாடு.

கல்லூரி ஜீப்பில் போய் இறங்கியதும் எனக்கு வாயெல்லாம் பல். படிப்பகத்து முற்றம் நிறைந்து, வாசல் வேப்பமரத்தடி வரைக்கும் ஆட்கள். பெண்கள் ஒரு பக்கம் தனியாகத் திரண்டிருந்தார்கள். நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப் போனேன். சுப்பிரமணியின் முகத்தில் மட்டும் ஒரு மாதிரி கலக்கம் இருந்தது. கூட்டம் அதிகமானதால் வந்த பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை வந்த நோயை நம் உடம்பு எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் அன்றைய பேச்சு. கொஞ்ச நேரம் பேசினேன். யாரும் இருமவில்லை, எழுந்து போகவில்லை, சிரிக்க வைக்கும் இடங்களில் சிரிக்கவும் இல்லை. அப்புறம்தான் ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் எழுந்து கேட்டார், "ஏனுங்க டாக்டரம்மா, அதெல்லாம் இருக்கட்டுமுங்க. அந்த மாட்டுப் பாலைக் குடிச்ச எங்க கதி என்னாகுமுங்க? அதை மொதல்ல சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஊரில் வேலுச்சாமி என்பவருடைய தோட்டத்தில் ஒரு பசு இரண்டு மூன்று நாளாகத் தீனி எடுக்காமல் எச்சில் ஒழுக்கிக்கொண்டு நின்றது. குரல் கம்மிக் கத்தியது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், இது வெறிநாய் கடித்து வந்த நோய் மாதிரி இருக்கிறது, யாரும் கிட்டே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலையில் பசு செத்துப்போய், குழி வெட்டிப் புதைத்தும்விட்டார்கள். அந்தப் பசுவின் பால்தான் டீக்கடைக்கும் பல வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஊரே பயந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஒருத்தி தானாக வந்து இறங்கினால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? என் பூரிப்பு இறங்கிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்லைடு எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி நின்றேன். "பாலைக் காய்ச்சிக் குடிச்சீங்களா, பச்சையாவா?" என்று கேட்டேன். காய்ச்சித்தான் என்றார்கள். காய்ச்சினால் அந்தக் கிருமி செத்துவிடும், நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை என்றேன். ஒருவர் முகமும் தெளியவில்லை. கோயிலில் அபிஷேகம் செய்த பாலை வாங்கிக் குடித்தோமே, அது பச்சைப் பாலாச்சே என்று ஒரு அம்மாள் அழுகிற குரலில் கேட்டார். அப்படிக் குடித்து நோய் வந்ததாக நான் படித்ததில்லை, இருந்தாலும் குடித்தவர்கள் நாளைக் காலையில் கல்லூரிக்கு வாருங்கள், ஒவ்வொருவராகப் பேசி முடிவு செய்வோம் என்றேன்.

சுப்பிரமணி என் காதோரம் குனிந்து, "ரெண்டு வேனு சொல்லிப்போட்டேனுங்க. அத்தனை பேரையும் இன்னைக்கே கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுப்போட்டா ஊரு அடங்கிரும்" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சமயம் வெறிநாய்க்கடி மருந்துக்கு எங்கும் தட்டுப்பாடு. ஆஸ்பத்திரி குளிர்பெட்டியில் இருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். தேவையில்லாத ஊரே போய் வரிசையில் நின்றால், தேவைப்படுகிற ஒரே ஒரு ஆளுக்கு இல்லாமல் போய்விடும். அந்த ஒரு ஆள் யார் என்பது அல்லவா கேள்வி? கூட்டம் கேட்டது பாலைப் பற்றி. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது எச்சிலைப் பற்றி.

மாடு தீனி எடுக்காமல் எச்சில் ஒழுக்கினால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்றுதான் இந்தப் பக்கத்தில் யாரும் முதலில் நினைப்பார்கள். உடனே ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்கை வரைக்கும் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார். மாட்டின் மேல் பாசம் உள்ளவர் அப்படித்தான் செய்வார். வெறி பிடித்த மாட்டுக்கும் தொண்டை அடைத்த மாட்டுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

"மாட்டு வாய்க்குள்ள கையை விட்டுப் பார்த்தது யாருங்க?" என்று ஒலிபெருக்கியில் கேட்டேன்.

வேலுச்சாமியே எழுந்தார். "நாந்தானுங்க. துணி சுத்திக்கிட்டுத்தான் உட்டேன்."

"வேற யாராவது?"

"வேற ஆரும் இல்லீங்க. ஊட்டுல இருக்கறது நானும் என்ற பொண்ணும்தானுங்க."

அவரை ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர் கேட்டதால் தோட்டத்து வீட்டுக்குப் போனோம். ஊரும் பின்னாலேயே வந்தது. பாலைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பது அவர்கள் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது.

வாசலில் ஒரு அம்பாசிடர் கார் நின்றது. வேலுச்சாமியின் அக்கா ராமாத்தாள், உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து சேதி கேட்டதும் கிளம்பி வந்திருந்தார். வேலுச்சாமியின் பெண் சாந்தாமணியை அவருடைய மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா இல்லாத பெண். சின்ன வயதிலிருந்து இந்த அத்தைதான் தூக்கி வளர்த்தவர், இப்போது மாமியாரும் அவரே. கட்டுச்சோற்று விருந்து முடிந்து பிரசவத்துக்காக அப்பன் வீட்டுக்கு வந்த பெண்ணை, நோய் வந்த வீட்டில் ஒரு நிமிஷமும் வைக்க மாட்டேன் என்று கூட்டிப்போக வந்திருந்தார். பெட்டி காரில் ஏறிவிட்டது.

ராமாத்தாள் எனக்கு வரக்காப்பி கொண்டு வந்தார். "பால் ஊத்தலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். மாடு கட்டும் கட்டுத்தறியில் இன்னொரு பசு நன்றாக அசை போட்டுக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. "எனக்குப் பால் காப்பிதாங்க இறங்கும். அந்த மாட்டுப் பாலைக் காய்ச்சி ஊத்தியே கொண்டாங்க" என்றேன். வேலிக்கு வெளியே நின்ற ஊர் முழுக்க, நான் டம்ளரை வாயில் வைக்கிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிதானமாகவே குடித்தேன். என் வாழ்நாளில் ஒரு டம்ளர் காப்பியை அத்தனை பேர் பார்க்கக் குடித்தது அன்றுதான்.

டம்ளரை வாங்க சாந்தாமணி வந்தாள். நிறை வயிறு. முகம் வாடிப்போயிருந்தது. செத்தது அவள் வளர்த்த மாடு என்று கேள்விப்பட்டிருந்ததால் அது எனக்கு இயல்பாகவே பட்டது. ஆனால் டம்ளரை வாங்க அவள் நீட்டியது இடது கை. விருந்தாளியிடம் இடது கையை நீட்டுகிற வீடு அல்ல அது. வலது கை முந்தானைக்குள் இருந்தது. வாங்கியவள் போகவும் இல்லை.

"ஏனுங்க," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு அந்த ஊசி போட்டா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆகிருமுங்களா?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்குக் கேக்கறே?"

"சும்மா கேட்டேனுங்க."

நம் தொழிலில் யாரும் எதையும் சும்மா கேட்பதில்லை. இதை மட்டும் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளுங்கள். கை கழுவ வேண்டும் என்று சொல்லி அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனேன். "அந்தக் கையைக் காட்டு, கண்ணு" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் முந்தானையை விலக்கினாள்.

முன்கை நிறைய கண்ணாடி வளையல். அதை மேலே தள்ளினால் மணிக்கட்டில் மஞ்சள் அப்பிய நீளமான கீறல்கள். ஒன்று ஆழமாகவே இருந்தது. அவள் அழுதுகொண்டே சொன்னதைக் கோர்வையாகச் சொல்கிறேன். அப்பா சந்தைக்குப் போயிருந்த காலையில் பசு எச்சில் ஒழுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. கன்றாக இருந்ததிலிருந்து அவள் வளர்த்தது. தொண்டையில் என்னவோ அடைத்துவிட்டது என்று வளையல் போட்ட கையோடு வாய்க்குள் விட்டிருக்கிறாள். பசு தலையை உதறியதும் வளையல்கள் உள்ளேயே நொறுங்கிக் கையைக் கிழித்துவிட்டன. எச்சிலும் இரத்தமுமாகக் கையை உருவியிருக்கிறாள்.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்லுவேன்? போன தடவை கலைஞ்சுபோச்சுங்க. இந்தத் தடவை தங்கோணும்னு அத்தை கோயில்ல வேண்டிக்கிட்டு, சாமி பாதத்துல வெச்சு எடுத்த வளையலுங்க இது. புள்ளை பொறக்கற வரைக்கும் ஒண்ணு கூட உடையப்படாதுன்னு அத்தையே என்ற கையில போட்டுவிட்டாங்க. வளையக்காரர்கிட்ட இதே மாதிரி வாங்கி, உடைஞ்ச எடத்துக்குப் போட்டுக்கிட்டேனுங்க. அத்தைக்குத் தெரிஞ்சா மனசு உட்டுப்போயிருமுங்க."

அத்தை அடிப்பார், திட்டுவார் என்ற பயம் அல்ல. அத்தையின் மனசு உடைந்துவிடும் என்ற பயம். முதல் வகைப் பயமாக இருந்தால் நான் சுலபமாக உடைத்திருப்பேன்.

காரில் ஹாரன் அடித்தது. பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும் என்று ராமாத்தாள் குரல் கொடுத்தார். இந்தப் பெண் அந்தக் காரில் ஏறிவிட்டால், தென்னந்தோப்புக்குள் போய்க் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்துகொள்வாள். அந்த நோய் தலைகாட்டிய பிறகு உலகத்தில் எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது. இரண்டு உயிர்.

என் மனசுக்கு முதலில் தோன்றியது ஒரு பொய். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டால், அப்பனோடு சேர்த்து இவளையும் ஜீப்பில் ஏற்றிவிடலாம். யாருக்கும் காரணம் தெரிய வேண்டாம். ஆனால் வேலிக்கு வெளியே ஊர் நிற்கிறதே! கையை விடாதவளுக்கும் ஊசி என்றால், அப்போது பால்தான் காரணம் என்று சொல்ல மாட்டார்களா? நான் குடித்த காப்பி, நான் பேசிய பேச்சு எல்லாம் அந்த நிமிஷத்தோடு செத்துப்போகும். வேன் இரண்டும் கிளம்பிவிடும். அவள் சொல்லாமல் நானே ஊருக்கு முன்னால் சொல்வதோ, என்னை நம்பி நீட்டிய கையைப் பிடித்து முறுக்குவது.

அவளிடம் உள்ளதைச் சொன்னேன். "இத பாரு, அம்மணி. வளையல் உடைஞ்சதுல உனக்கும் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. எச்சில் பட்டதுல ஆகும். ஊசி போட்டா ரெண்டு பேரும் பிழைக்கலாம். உன் ரகசியத்தை நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல வேண்டியவ நீ. ஆனா நீ அந்தக் கார்ல ஏறினா, நான் கார் முன்னால படுத்துப்போடுவேன். அப்புறம் ஏன்னு கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பருத்த உடம்பு வாகு அப்படி.

இரண்டு பேரும் முன்பக்கம் வந்தபோது வேலியோரம் சத்தம் அதிகமாகியிருந்தது. முதல் வேன் வந்து நின்றுவிட்டது. சுப்பிரமணி கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்து, "ஆரும் கேக்க மாட்டேங்கறாங்க டாக்டரம்மா. பாலு குடிச்சவங்க எல்லாத்துக்கும் ஊசி போட்டே தீரோணும்னு நிக்கறாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். ராமாத்தாள் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவள் காருக்குப் போகவில்லை. வேலியைப் பார்த்து நின்றாள்.

"பாலுக்கு ஊசி வேண்டாமுங்க," என்றாள். "ஊசி எனக்குத்தானுங்க வேணும்."

வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். பசுவின் வாயில் கையை விட்டதையும் வளையல் நொறுங்கியதையும் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். இத்தனை நேரம் நான் தொண்டை வறளச் சொன்னதை அந்தக் கீறல்கள் ஒரு நொடியில் சொல்லிவிட்டன. பாலைக் குடித்தவர்கள் தங்கள் வயிற்றைப் பற்றி மறந்து அவள் கையையே பார்த்தார்கள். வேலுச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராமாத்தாள் கார்க் கதவை விட்டுவிட்டு மெதுவாக வந்தார். மருமகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஊசி போட்டா ரெண்டு உசுரும் தங்குமுங்களா?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நாம் ஆராய்ச்சிக்காரர்கள். பெரும்பாலும், இதுவரை தெரிந்த அளவில், மேலும் ஆய்வு தேவை என்றெல்லாம் பேசிப் பழகியவர்கள். காயம் பட்டு எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை ஆழம் என்றெல்லாம் என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. மேடையில் என்றால் அத்தனையையும் சொல்லியிருப்பேன், சொல்லவும் வேண்டும். அந்த வாசலில் சந்தேகத்தை என் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு, "இப்பவே போனா தங்குமுங்க" என்றேன். அவள் ஜீப்பில் ஏற வேண்டும். அதற்கு அந்த ஒரு சொல் தேவைப்பட்டது. இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ராமாத்தாள் மருமகள் பக்கம் திரும்பினார். "சோப்பு எங்கெ இருக்குது?" என்றார். தொட்டிக்குக் கூட்டிப்போய்க் கையில் சோப்பைத் தேய்த்து, தான் போட்டுவிட்ட வளையல்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். சாந்தாமணி வேண்டாம் என்பதுபோல் கையை இழுத்தாள். "கழட்டாம எப்படிப் புள்ளை ஊசி போடுவாங்க? எடைஞ்சலா இருக்குமல்ல?" என்று அதட்டினார். அப்போதுதான் அவருக்குக் குரல் உடைந்தது. "சாமிக்கு வளையலா பெருசு? என்றகிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்னடி பயம்?" என்று அவளை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். காயத்தை நெடுநேரம் கழுவச் சொன்னேன். அத்தையே தண்ணீர் ஊற்றினார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சுப்பிரமணி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அபிஷேகப் பால் குடித்தவர்கள் மட்டும் மறுநாள் கல்லூரிக்கு வந்தார்கள். பேசி அனுப்பினோம்.

ஜீப்பில் அப்பனும் அத்தையும் நானும் சாந்தாமணியும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தடுப்பூசி ஒன்று, காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்து ஒன்று என இரண்டு போடுவார்கள் என்றேன். இரண்டு வகை மருந்து எதற்கு என்று அவள் கேட்டாள். தடுப்பூசி போட்டதும் உன் இரத்தம் நோயை எதிர்க்கும் பொருளைத் தானே செய்துகொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்; அதுவரை காவலுக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த, ஏற்கெனவே ஆயத்தமான அதே பொருளைக் கடனாகக் காயத்தைச் சுற்றிப் போடுகிறோம் என்றேன். "நான் செய்யறது புள்ளைக்கும் போகுமுங்களா?" என்றாள். போகும், நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றேன். ராமாத்தாள் அதைக் கேட்டுவிட்டு, முதல் தடவையாக இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஸ்லைடு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நான் பேசியதிலேயே உருப்படியான சொற்பொழிவு அதுதான்.

குதிரை மருந்தை முதலில் துளி போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றிக் குத்தினார்கள். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தாள். வயிற்றில் போடுகிற பழைய ஊசி வேண்டாம் என்று, கையில் போடுகிற புது ஊசியை வெளியே மருந்துக் கடையில் வாங்கினோம். மீதி ஊசிகளுக்கெல்லாம் ராமாத்தாள் உடுமலைக்குப் போகாமல் தம்பி வீட்டிலேயே தங்கி, ஒன்று விடாமல் அவளைக் கூட்டி வந்தார்.

அப்புறம் வந்த மாதங்களைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது. அந்த நோய் உடம்புக்குள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். துறையில் தொலைபேசி அடித்தால் மற்றவர்களுக்கு முன்னால் நானே ஓடிப்போய் எடுப்பேன். அந்த வாசலில் நான் விழுங்கிய சந்தேகம் முழுக்க அப்போது மேலே வந்தது. தங்கும் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தானே. ஒருநாளும் நிம்மதியாக இருக்கவில்லை.

ஒருநாள் காலையில் அறைக்கு வெளியே ராமாத்தாள் குரல் கேட்டது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கதவைத் திறந்தால், அவர் கையில் ஒரு பெண் குழந்தை. பின்னால் சாந்தாமணி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, உட்கார்ந்த கையோடு என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, நானும் கேக்கோணும்னே இருந்தேன். அத்தனை ஊசியைக் குத்தி என்ற புள்ளையைப் பாடாப் படுத்திப்போட்டீங்களே. பாருங்க, அவளுக்கு ஒண்ணுமே ஆகலை. குழந்தைக்கும் ஒண்ணும் ஆகலை. அது வெறியே இல்லீங்க. சும்மா எதோ சீக்குங்க. ஊசியெல்லாம் வீணுதானுங்க."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நாம் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே, "வீணாவே இருக்கட்டுங்க. ஆனா இனி எந்த மாடாவது எச்சில் ஒழுக்கினா, வாயில கையை மட்டும் விட்டுப்போடாதீங்க" என்றேன்.

ராமாத்தாள் என்னை அப்பாவி ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நாங்க எதுக்குங்க கையை உடறோம்? அதுதான் இப்ப எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியுமுங்களே. அதையெல்லாம் போயி நீங்க மைக்கு வெச்சா சொல்லோணும்?"